அப்பப்பாவின் மொறிஸ் மைனருக்கு எந்தக் கிளச், எந்தப் பிளைவீல்?

தம்பி, உமது கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று முதலில் அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கார் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000, எஞ்சின் 948 சிசி. அப்பப்பா ஓடிய கார், இப்போது மல்லாவியில் வீட்டோடு நிற்கிறது. எஞ்சினின் ஓட்டத்தைக் கியர்பொக்சுக்குக் கொடுக்கிற, விடுகிற கிளச் வழுக்குகிறது. முதல் கியரில் எடுக்கும்போது கார் முழுக்க உதறுகிறது. பார்த்த ஒருவர், "ஏழேகால் அங்குலக் கிளச்சைப் போடு, பிளைவீலை லேத்தில் குடுத்துப் பாரத்தைக் குறை, கார் பறக்கும்" என்று சொல்லியிருக்கிறார். லண்டனில் இருக்கிற மாமா சாமான் வாங்கி அனுப்பத் தயார். எதை வாங்கச் சொல்வது?

ஆறேகால் அங்குலத்திலேயே நில்லும். பிளைவீல், அதாவது எஞ்சினின் பின்முனையில் சுற்றுகிற பாரமான இரும்புச் சில்லு, அதன் முகத்தை மட்டும் மட்டமாக்கும், பாரத்தில் கை வைக்க வேண்டாம். இது இரண்டும் செய்வதற்கு முன், அந்தக் கிளச்சுக்குள் ஒயில் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியும். ஒயில் வருகிறது என்று நீர் எழுதவே இல்லை. ஆனால் வன்னியில் தொண்ணூறுகளைக் கண்ட காராக இருந்தால் வராமல் இருக்காது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அளவு. 1952க்கு முந்தின பழைய எஞ்சினை விட்டால், மைனரில் மூன்று எஞ்சின் வந்தது. 1952 தொடக்கம் 803 சிசி, 1956 தொடக்கம் 948, 1962 தொடக்கம் 1098. முதல் இரண்டுக்கும் கிளச் ஆறேகால் அங்குலம். 1098க்குத்தான் ஏழேகால். உமக்குச் சொன்னவர் 1098ஐ மனதில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். பிழையான ஆள் இல்லை, பிழையான கார். ஏனென்றால் 1098க்கு வந்த கியர்பொக்சின் பெல் ஹவுசிங், அதாவது கிளச்சை மூடுகிற மணி வடிவக் கூடு, பெரிது. உமது 948க்கு வந்த கியர்பொக்சின் பெல் ஹவுசிங் சின்னது, அதற்குள் ஏழேகால் கிளச் போகாது. எஞ்சினுக்கும் கியர்பொக்சுக்கும் நடுவில் இருக்கிற பின்தகடும் வேறு. ஆகவே பின்தகடு, பிளைவீல், கிளச், கியர்பொக்ஸ் நாலும் ஒரு குடும்பம். ஒன்றை மாற்றினால் நாலையும் மாற்ற வேண்டும். 1098 எஞ்சினை 948 கியர்பொக்சோடு பூட்டுகிறவர்கள்கூட 948இன் பின்தகட்டையும் பிளைவீலையும் கிளச்சையும்தான் அந்த எஞ்சினில் போட்டு ஓடுகிறார்கள். அதுவும் ஓடுகிறது, வழுக்குவதில்லை.

உம்முடைய கியர்பொக்ஸ் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காருக்குக் கீழே படுத்துப் பாரும். வெளிப்பக்கம் வழவழப்பாக இருந்தால் பழையது. வரிவரியாக விலா எலும்பு போல் மேடு ஓடினால் 1098க்கு வந்தது. ஐம்பது அறுபது வருசமாகக் கைமாறி வந்த கார், எஞ்சின் ஒரு காருடையதும் கியர்பொக்ஸ் இன்னொரு காருடையதுமாக இருப்பது எங்கள் பக்கம் புதினமே இல்லை. புத்தகத்தில் இருக்கிற வருசத்தைப் பார்த்துச் சாமான் எடுக்க வேண்டாம். காரைப் பார்த்து எடும்.

இனி ஒரு கணக்கு. நான் படித்தவன் இல்லை, ஆனால் இந்த ஒரு கணக்கு கராஜில் கன காசை மிச்சம் பிடித்துத் தந்திருக்கிறது. கிளச் பிளேட்டுக்கு இரண்டு முகம். ஒன்று பிளைவீலில் உரசும், மற்றது ஸ்பிரிங் அமத்துகிற பிரஷர் பிளேட்டில் உரசும். கிளச் தாங்கும் முறுக்கு விசை என்பது இந்த இரண்டு முகம், உராய்வு எண், ஸ்பிரிங் அழுத்தம், லைனிங்கின் நடு ஆரம் ஆகிய நாலையும் பெருக்கி வருவது. ஆறேகால் அங்குல பிளேட்டின் நடு ஆரம் ஏறக்குறைய 67 மில்லிமீற்றர். லைனிங்கின் உராய்வு எண் 0.3 என்று வையும். ஸ்பிரிங் அழுத்தத்தைக் கணக்குக்காக 3000 நியூட்டன் என்று, அதாவது ஏறக்குறைய 300 கிலோ பாரம் என்று எடும். பெருக்கினால் 120 நியூட்டன் மீற்றர். 948 எஞ்சின் தருகிற ஆகக்கூடிய முறுக்கு விசை 50 இறாத்தல் அடி, அதாவது 68 நியூட்டன் மீற்றர், அதுவும் 2500 சுற்றில். எஞ்சின் தருவதைப் போல் ஒன்றேமுக்கால் மடங்கை அந்தச் சின்னக் கிளச் தாங்குகிறது. போதும்.

இதே பிளேட்டில் ஒயில் பட்டுவிட்டது என்று வையும். உராய்வு எண் 0.1க்கு இறங்கினால் 120 என்பது 40 ஆகிவிடும். எஞ்சின் 68 தருகிறது, கிளச் 40தான் பிடிக்கிறது. வழுக்காமல் என்ன செய்யும்? இப்போது உமக்குச் சொன்ன ஏழேகாலைப் போடும். நடு ஆரம் 78 மில்லிமீற்றர் ஆகிறது. அதே அழுத்தம், அதே ஒயில். 47 வருகிறது. அதுவும் வழுக்கும். பெரிய கிளச்சைப் போட்டு ஒரு மாதத்தில் திரும்பி வந்த கார்களின் கதை இதுதான். ஆட்கள் கிளச் விற்றவனை ஏசுவார்கள்.

அப்படியென்றால் ஒயில் எங்கிருந்து வருகிறது? இங்கேதான் எங்கட கதை வருகிறது.

இந்த எஞ்சினில் கிராங்கின், அதாவது பிஸ்டன்கள் சுற்ற வைக்கிற தண்டின், பின்பக்கம் றபர் சீல் கிடையாது. கிராங்கில் ஒரு மரை வெட்டி விட்டிருப்பார்கள். கிராங்க் சுற்றும்போது அந்த மரை ஒயிலைத் திரும்ப உள்ளுக்கு இழுக்கும். நல்ல எஞ்சினில் இது வேலை செய்யும். ஆனால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து, எரிந்த வாயு கீழே கிராங்க் அறைக்குள் இறங்கத் தொடங்கினால் உள்ளே அமுக்கம் கூடும். அந்த அமுக்கம் வெளியே போக வழி தேடி, மரை இழுக்கிற ஒயிலையே பின்னுக்குத் தள்ளிவிடும். பின்னுக்கு இருப்பது பிளைவீலும் கிளச்சும்.

வளையம் ஏன் தேய்ந்தது? தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையோடு பெற்றோல் என்பது மருந்துக்குத்தான். கார்பரேற்றருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் போத்தலில் துளி பெற்றோல், அதில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினோம். கறுத்தப் புகையும் கண் எரிச்சலுமாக ஓடினோம். ஓடினது பெரிய விசயம். ஆனால் மண்ணெண்ணெய் பெற்றோல் மாதிரி ஆவியாகாது. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஒயில் படையைக் கழுவிக்கொண்டு கீழே சம்புக்குள், அதாவது ஒயில் தொட்டிக்குள், இறங்கும். ஒயில் கோலை இழுத்துப் பார்த்தால் ஒயில் குறைவதற்குப் பதில் கூடியிருக்கும்! சில பேர் அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டார்கள். மண்ணெண்ணெய் கலந்து தண்ணியாகிப்போன ஒயிலில் ஓடின எஞ்சின், வளையத்தையும் சிலிண்டரையும் பேரிங்கையும் ஒன்றாகவே தின்றது. அப்படி ஓடின கார் ஒன்றுக்கு இன்று கிளச் வழுக்குகிறதென்றால், அந்த வழுக்கலின் வேர் முப்பது வருசத்துக்கு முந்தின மண்ணெண்ணெய்ப் போத்தலில் இருக்கலாம்.

சோதிக்கிறது சுகம். எஞ்சினைச் சூடாக்கி, ஓடிக்கொண்டிருக்கும்போது மேலே ஒயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து உள்ளங்கையைப் பிடியும். இலேசான மூச்சு என்றால் பரவாயில்லை. சைவக்கடை இடியப்பப் பானை மாதிரிப் பொங்கிப் புகை வந்தால் வளையம் போய்விட்டது. அதற்கு முதல் ஒரு செலவில்லாத வேலை: எஞ்சினின் பக்கவாட்டு மூடியிலிருந்து கீழ்நோக்கி இறங்குகிற சுவாசக் குழாயைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவிட்டுக் கழுவும். கிரவல் புழுதியும் ஒயிலும் சேர்ந்து கல்லாகி அடைத்திருக்கும். வளையம் அரைவாசி நல்லதாக இருந்தும் குழாய் அடைபட்டதால் மட்டும் கிளச்சை நனைத்த எஞ்சின் இரண்டு என் கையால் போயிருக்கிறது.

பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதற்குள் ஒரு பிளவு ஆணி ஆடிக்கொண்டு தொங்கும். சும்மா விட்டுப்போன ஆணி என்று நினைத்துக் கன பேர் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அது காரின் அதிர்வில் ஆடி ஆடி அந்த ஓட்டையை அடைபடாமல் வைத்திருக்கத்தான் போட்டிருக்கிறார்கள். ஒயில் உள்ளே தேங்காமல் சொட்டி வெளியே போக வேண்டும். அந்த ஆணி இல்லாவிட்டால் ஒன்றை வாங்கிப் போடும், ஐஸ் பழத்தை விட மலிவு. அந்த ஓட்டைக்குக் கீழே ஒரு வெள்ளைக் கடதாசி மட்டையை இரவு வைத்து விடியப் பாரும். சொட்டு கறுப்பென்றால் எஞ்சின் ஒயில், கிராங்கின் பின்பக்கம். தேன் நிறமென்றால் கியர்பொக்ஸ், அதன் உள்தண்டு வழியாக வருகிறது. இந்தக் கியர்பொக்சுக்கும் எஞ்சினுக்கு ஊற்றுகிற ஒயில்தான் ஊற்றுவது, ஆகவே மணத்தை வைத்துப் பிடிக்க முடியாது, நிறத்தை வைத்துத்தான் பிடிக்கலாம்.

அடுத்தது உதறல். முறிகண்டியில் நிற்பாட்டி, பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, கச்சானும் வாங்கிக்கொண்டு வண்டியை எடுக்கும்போது டாஷ்போர்ட் கடகடவென்று ஆடுகிறது, இல்லையா? கிளச் பிளேட்டை ஏசுவதற்கு முதல் எஞ்சின் தாங்கி றபர்களைப் பாரும். மைனரில் கிளச் பெடலிலிருந்து கம்பியும் தண்டுமாகத்தான் இழுவை போகிறது, ஹைட்ரோலிக் இல்லை. அந்த இடைத்தண்டின் ஒரு முனை சசியில், மற்ற முனை எஞ்சின் பக்கம். றபர் செத்துப்போய் எஞ்சின் அசைந்தால், அந்த அசைவே கிளச்சை இழுக்கும், விடும், இழுக்கும். நீர் காலை ஆட்டாமலே கிளச் ஆடுகிறது. றபரையும் இடைத்தண்டின் இரண்டு புஷ்ஷையும் மாற்றினதும் உதறல் பாதிக்கு மேல் போன கார் உண்டு. பிளேட்டில் ஒயில் இருந்தாலும் உதறும், பிளைவீல் முகம் கோணினாலும் உதறும். ஆனால் மலிவானதிலிருந்து தொடங்குவது புத்தி.

இனிப் பிளைவீல். இதில்தான் ஆட்கள் காசைக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள், நானும் ஒருக்கால் கொட்டினவன்தான்.

பாரம் குறைத்தால் கார் பறக்கும் என்று சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் எந்த கியரில் என்று யாரும் சொல்வதில்லை. கேளும். பிளைவீலின் விளிம்புப் பக்கம், நடுவிலிருந்து 11 சென்றிமீற்றர் தூரத்தில், 3 கிலோ இரும்பைக் கடைந்து எடுத்தீர் என்று வையும். 948 மைனரின் முதல் கியர் விகிதம் 3.63, பின் அச்சு 4.55. இரண்டையும் பெருக்கினால் பதினாறரை. சில்லின் ஆரம் ஏறக்குறைய 29 சென்றிமீற்றர். கணக்குப் போட்டால், முதல் கியரில் அந்த 3 கிலோ காரிலிருந்து ஏறக்குறைய 118 கிலோவை இறக்கினதற்குச் சமன். இரண்டு ஆள் இறங்கின மாதிரி. நாலாம் கியரில் அதே 3 கிலோ வெறும் 9 கிலோவுக்குச் சமன். ஒரு மரவள்ளிக்கிழங்கு மூட்டைகூட இல்லை. ஏ9 றோட்டில் நாலாம் கியரில் போகிற உமக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. சில்லு மணலில் புதைந்து முதல் கியரில் ஊருகிற நேரம்தான் தெரியும், அதுவும் தலைகீழாகத் தெரியும்.

ஏன் தலைகீழ்? நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றில் இரண்டு தரம்தான் உதைக்கும். இரண்டு உதைக்கு நடுவில் எஞ்சினைச் சுற்ற வைப்பது பிளைவீலில் சேர்ந்திருக்கிற ஓட்டம். பாரமான பிளைவீல் என்றால் ஐடிலிங்கில் சாந்தமாக நிற்கும், கிளச்சை மெல்ல விட்டால் செத்துப்போகாது. பாரம் குறைந்தால் அக்சிலரேற்றருக்குச் சட்டென்று ஏறும், விட்டதும் சட்டென்று விழும். றேஸ் ஓடுகிறவனுக்கு அது வேண்டும். வன்னியில் மலை இல்லை, றேஸ் இல்லை. இருப்பது கிரவல் றோட்டு, வயல் வரம்போரப் பாதை, முல்லைத்தீவுப் பக்கத்து மணல், மாட்டு மந்தைக்குப் பின்னால் ஊர்வது, பிறகு கல்யாண ஊர்வலம்.

ஊர்வலம் என்றதும் என் கதை. 2002இல் ஏ9 திறந்து, சாமான் தாராளமாக வரத் தொடங்கின காலம். அடுத்த வருசமே ஒரு மைனரைக் கல்யாண ஓட்டத்துக்கென்று நான் எடுத்துப் புதுப்பித்தேன். வயதும் கொழுப்பும். பிளைவீலை ஒரு லேத் பட்டறையில் குடுத்து ஏறக்குறைய 3 கிலோவைக் கடைந்து எடுத்தேன். கராஜ் வாசலில் ஒரு றேஸ் குடுத்தால் சும்மா சீறும், பெடியன்கள் கை தட்டினார்கள். முதல் கல்யாணம். கோயிலிலிருந்து மண்டபத்துக்கு முந்நூறு மீற்றர். முன்னுக்கு நாதஸ்வரமும் தவிலும் நடந்து போகிறார்கள், நடையிலும் மெல்லிய நடை. பின்னுக்கு நான், மாப்பிள்ளை பொம்பிளையோடு. கிளச்சைப் பாதி விட்டால் எஞ்சின் செத்தது. திரும்ப ஸ்டார்ட். பத்து அடி. திரும்பச் செத்தது. மூன்றாம் தரம் செத்தபோது தவில்காரர் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். பின்சீற்றில் இருந்த ஒரு மாமி, "தம்பி, நல்ல நேரம் முடியப் போகுது, தள்ளச் சொல்லட்டோ?" என்று கேட்டா. அடுத்த கிழமையே ஒரு பழைய பிளைவீல் தேடிப் போட்டேன். கடைந்ததை இன்னும் வைத்திருக்கிறேன், கதவு அடிபடாமல் இருக்க முண்டு கொடுத்திருக்கிறது.

பாரம் குறைப்பதில் இன்னொரு பயமும் உண்டு. பழைய பிளைவீல் வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பு அமத்தினால் தாங்கும், இழுத்தால் வெடிக்கும். சுற்றுகிற சில்லின் விளிம்பை வெளியே இழுக்கிற விசை சுற்று வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 2500இல் இருப்பதைப் போல் 5000இல் நாலு மடங்கு. அழகுக்கு ஓட்டை போட்டால் ஒவ்வொரு ஓட்டையும் வெடிப்புத் தொடங்குகிற வாய். அது வெடித்தால் நிற்கிற இடம் உமது முழங்காலுக்குப் பக்கத்தில். பாரம் குறைத்தே ஆக வேண்டும் என்கிறவர்கள் அதற்கென்று உருக்கில் செய்த பிளைவீலை வாங்கட்டும், பழையதைக் கடைய வேண்டாம்.

ஆனால் முகத்தை மட்டமாக்கத்தான் வேண்டும். வழுக்கின கிளச் பிளைவீல் முகத்தைச் சுட்டிருக்கும். கழுவிப் பார்த்தால் நீலமும் கறுப்புமாகச் சின்னச் சின்னப் புள்ளி, காசுக் குத்தி அளவில் தெரியும். அந்த இடங்கள் இரும்பு வெந்து கடினமாகிப்போன இடம். லேத் உளி அதில் ஏறாமல் மேலே ஏறிப் பாயும், பிறகு அந்த இடம் மேடாக நிற்கும், புதுப் பிளேட்டும் உதறும். ஆகவே உளியால் கடைவதை விட அரைகல்லால் அரைக்கிற மெசின் இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோம். வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ கேட்டுப் பாரும். வழிகாட்டிக் குத்திகளைக் கழற்றிவிட்டு, பிரஷர் பிளேட் பூட்டுகிற வளையம் உட்பட முழு முகத்தையும் ஒரே மட்டமாக எடுக்கச் சொல்லும். லைனிங் உரசுகிற இடத்தை மட்டும் எடுத்தால் அழுத்தம் குறையும். திரும்பப் பூட்டின பிறகு டயல் மானியை வைத்துச் சுற்றிப் பாரும். முகம் 0.08 மில்லிமீற்றருக்கு மேல் ஆடக்கூடாது. ஆடினால் பெரும்பாலும் கிராங்க் முகத்தில் ஒரு துகள் அழுக்கு இருக்கும். கழற்றித் துடைத்துப் பூட்டும். கழற்ற முதலே பிளைவீலுக்கும் கிராங்குக்கும் பொது அடையாளம் ஒன்றைப் பொன்சால் குத்திவிடும், இல்லாவிட்டால் தீப்பொறி நேரத்தைப் பார்க்கிற குறி இடம் மாறிப்போகும்.

பிளைவீல் கையில் இருக்கும்போதே அதன் விளிம்பைச் சுற்றி இருக்கிற பல் வளையமான றிங் கியரைப் பாரும். நாலு சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது எப்போதும் இரண்டு இடத்தில்தான் வந்து நிற்கும், ஒன்றுக்கு ஒன்று எதிர்ப்பக்கம். ஆகவே ஸ்டார்ட்டர் அடிக்கிறதும் அந்த இரண்டு இடத்தில்தான். பல் அங்கே மட்டும் தேய்ந்திருக்கும், மற்ற இடம் புதிது மாதிரி. புது வளையம் கிடைக்காவிட்டால் பழையதைச் சூடாக்கிக் கழற்றி, கால்வட்டம் திருப்பிப் போடலாம். வளையத்தை இளநீலம் வருகிற வரைக்கும் சூடாக்கி இறக்கினால் தானாக உட்காரும், ஆறினதும் இறுகிவிடும். சிவக்க விட வேண்டாம், பல்லின் கடினம் போய்விடும். பல்லின் சரிந்த பக்கம் முன்பு எந்தப் பக்கம் பார்த்ததோ அதே பக்கம் பார்க்க வேண்டும்.

கிளச் கவர் (பிரஷர் பிளேட்டும் ஸ்பிரிங்கும் அடங்கின மூடி), பிளேட், பேரிங் மூன்றையும் ஒரு செட்டாக வாங்கும். பிளேட்டில் சாதாரண ஓர்கானிக் லைனிங் போதும். செம்புத்தூள் அழுத்தின வகை, நாலு கால் நீட்டின செரமிக் வகை என்று கடைக்காரர் காட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வாரும். அது ஒன்றில் பிடிக்கும், இல்லை விடும், நடு இல்லை, பிளைவீல் முகத்தையும் தின்னும். பழைய பிளேட்டின் தூசியைக் கம்பிரசரால் ஊத வேண்டாம். அந்தக் காலத்து லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருந்தது. ஈரத் துணியால் துடைத்து, துணியை உறையில் கட்டி எறியும். எங்கட ஆட்கள் வாயால் ஊதுவார்கள், நானும் ஊதினேன், இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

வழுக்குது என்று ஸ்பிரிங்கை மட்டும் கடினமானதாக மாற்றிவிடுகிற வேலை ஒன்று இங்கே நடக்கிறது. செய்ய வேண்டாம். இந்தக் காரில் கிளச் பேரிங் என்பது குண்டு உருளுகிற பேரிங் இல்லை, ஒரு கரி வளையம். அது கவரின் நடுத் தட்டில் நேரடியாக உரசும். ஸ்பிரிங் கடினமானால் கரி சீக்கிரம் கரையும், அதோடு கிராங்கை முன்னுக்குத் தள்ளுகிற பாரமும் கூடும். அந்தப் பாரத்தை நடு மெயின் பேரிங்கில் இருக்கிற அரைநிலா வடிவ வாஷர்கள்தான் தாங்குகின்றன. அவை தேய்ந்திருக்கிறதா என்று இப்போதே பார்க்கலாம். எஞ்சினை நிற்பாட்டி, ஒருவரைப் பெடலை மிதித்து விடச் சொல்லி, முன்னால் குனிந்து கிராங்கின் கப்பியைப் பாரும். அது கண்ணுக்குத் தெரிய முன்னுக்குப் பின்னுக்கு ஓடினால், கிளச்சைப் பிறகு பார்ப்போம், எஞ்சினை இறக்கும். கரிக்கும் கவருக்கும் நடுவில் ஒன்றரை மில்லிமீற்றர் அளவு இடைவெளி வேண்டும். பெடலில் அது ஒரு இலேசான தளர்வாகத் தெரியும். தளர்வு இல்லாத பெடல் என்றால், நீர் மிதிக்காமலே கிளச் பாதி மிதிபட்டிருக்கிறது. வழுக்கலுக்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம், ஒரு ஸ்பானரோடு முடிகிற வேலை. ஓடும்போது காலைப் பெடலில் வைத்துக்கொண்டு ஓடுகிற பழக்கம் இருந்தால் அதையும் விடும்.

கியர்பொக்சை இறக்கினால் கிராங்கின் முனைக்குள் இருக்கிற பைலட் புஷ்ஷை மாற்றாமல் ஏற்ற வேண்டாம். அது தேய்ந்தால் கியர்பொக்ஸ் தண்டின் மூக்கு ஆடும், கிளச் விடாமல் இழுக்கும், கியர் கரகரக்கும். குருட்டு ஓட்டைக்குள் இருக்கிற புஷ்ஷைக் கழற்ற ஒரு வித்தை. பாணின் உள்சோற்றைப் பிய்த்து நனைத்து அந்த ஓட்டைக்குள் திணித்து நிரப்பும். ஓட்டைக்குச் சரியாக இறங்குகிற ஒரு இரும்புத் தண்டை வைத்துச் சுத்தியலால் அடியும். பாண் போக வழியில்லாமல் புஷ்ஷின் பின்னால் போய் அதை வெளியே தள்ளும். நடு நடுவே பாணைச் சேர்த்துக் கொள்ள வேண்டும். முதல் தரம் பார்க்கிற பெடியன்கள் நம்பமாட்டார்கள். புதுப் புஷ்ஷை முதல் நாள் இரவே எஞ்சின் ஒயிலில் ஊறப்போடும்.

நிசான் எஞ்சின் போடலாமா என்றும் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர். இலங்கையில் கன மைனர் நிசான் ஏ12, ஏ14 எஞ்சினோடும் அதன் ஐந்து கியர் பொக்சோடும்தான் ஓடுகிறது. ஐந்து மெயின் பேரிங், பின்னால் சரியான றபர் சீல், கிளச்சும் அதனுடையதே. நல்ல எஞ்சின். தினமும் கிளிநொச்சிக்கு வேலைக்குப் போய்வரும் கார் என்றால் நானே போடச் சொல்லுவேன். அப்பப்பாவின் கார் என்று எழுதினீரே, அதனால்தான் 948ஐப் பற்றியே இவ்வளவும் எழுதினேன்.

மாமாவுக்கு அனுப்ப வேண்டியது: 948க்கான ஆறேகால் அங்குல பிளேட், கவர், கரி பேரிங், பைலட் புஷ், எஞ்சின் தாங்கி றபர், இடைத்தண்டின் புஷ். வளையம் போயிருந்தால் பிஸ்டன் வளையமும், ஆனால் சிலிண்டரை அளந்த பிறகு. இதெல்லாம் இங்கிலாந்தில் இன்றும் புதிதாக விற்கிறார்கள், பொதியும் பாரமில்லை. பிளைவீல் வாங்க வேண்டாம். கடல் தாண்டி இரும்பு வர வேண்டிய தேவை இல்லை.

இப்போதே ஓடர் கொடுக்காதேயும். முதலில் பெடல் தளர்வு, பிறகு சுவாசக் குழாய், பிறகு இரவில் அந்த வெள்ளை மட்டை. மட்டையைப் படம் எடுத்து அனுப்பும், நிறத்தைப் பார்த்துச் சொல்கிறேன். மாரி தொடங்கிவிட்டால் காரை இறக்க முடியாது, தை வரை கொட்டிலுக்குள் நிற்கும் என்றால் பெடலை அமத்தி, பெடலுக்கும் சீற்றுக்கும் நடுவில் ஒரு தடியை முண்டு கொடுத்துவிடும். ஈரத்தில் பிளேட் துருப்பிடித்துப் பிளைவீலோடு ஒட்டிக்கொண்டால், தைப்பொங்கலன்று கிளச் வழுக்குகிறது என்று எழுதமாட்டீர், கிளச் விடுகுதே இல்லை என்று எழுதுவீர்.